ஜிம் வான்ஸ்: வாஷிங்டனின் பதினொரு மணிச் செய்தி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து வருகிறவர்களை வெள்ளை மாளிகை, லிங்கன் நினைவிடம் எல்லாம் காட்டிய பிறகு யூ தெருவுக்கும் அழைத்துப் போவது என் வழக்கம். அங்கே 'பென்ஸ் சில்லி பௌல்' என்று பழைய சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. டிரினிடாடிலிருந்து வந்த மஹபூப் பென் அலியும் அவர் மனைவி வர்ஜீனியாவும் 1958-ல் தொடங்கியது. அதன் பக்கச் சுவரில் பெரிய பெரிய முகங்களாக வரைந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்றதும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். புதிதாக இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகளும் அப்படித்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தருகிறேன்.

ஒபாமாவைத் தெரியுது, முகமது அலியைத் தெரியுது. இவர் யாருங்க?

ஜிம் வான்ஸ். வாஷிங்டனின் நான்காம் சானலான டபிள்யூ.ஆர்.சி.யில் 1969-ல் செய்தியாளராகச் சேர்ந்தார். 1972-லிருந்து மாலை, இரவுச் செய்திகளின் ஆங்கர். 2017-ல் இறக்கும்வரை அதே சானல்தான், ஏறக்குறைய அதே நாற்காலிதான். இந்த வட்டாரத்தில் இத்தனை காலம் ஆங்கராக இருந்தவர் வேறு யாரும் இல்லை.

சுவர் ஓவியத்துக்கும் ஒரு கதை உண்டு. முன்பு இதே சுவரில் நகைச்சுவை நடிகர் பில் காஸ்பியின் முகம் இருந்தது. அவர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் வந்தபின் 2017 ஜனவரியில் பழைய ஓவியத்தை அழித்துவிட்டார்கள். புதிதாக யார் யாரை வரையலாம் என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். அந்தப் பட்டியலில் வான்ஸ் இடம்பிடித்தார். ஜூன் மாதம் ஓவியம் திறக்கப்பட்டது, அடுத்த மாதம் அவர் போய்விட்டார். ஊர் தன்னை எங்கே வைத்திருக்கிறது என்பதை உயிரோடு இருக்கும்போதே அறிந்துகொண்டார் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

உள்ளூர் சானல்ல செய்தி வாசிச்சவருக்கு இவ்வளவு மரியாதையா? எழுதிக் கொடுத்ததைத்தானே படிச்சார்?

இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. அமெரிக்காவில் தொலைக்காட்சிச் செய்தி இரண்டு அடுக்கு. நாடு முழுக்கப் போகும் செய்தி நியூயார்க்கிலிருந்தோ வேறு தலைமையகத்திலிருந்தோ மாலையில் அரைமணி நேரம் வரும். மற்ற நேரங்களில் பெரும்பாலும் அந்தந்த ஊர் நிலையத்தின் சொந்தச் செய்திதான். எந்தச் சாலையில் விபத்து, பனியால் எந்தப் பள்ளிக்கு விடுமுறை, மேயர் என்ன சொன்னார், யார் வீட்டில் துப்பாக்கிச் சூடு என்பதையெல்லாம் சொல்பவர் உள்ளூர் ஆங்கர்தான். நாடு தழுவிய நெட்வொர்க்கான என்.பி.சி.யின் சொந்த நிலையம்தான் நான்காம் சானல், அதுவும் இப்படித்தான். அதன் கட்டடம் நெப்ராஸ்கா அவென்யூவில் இருக்கிறது. 1960 அதிபர் தேர்தலில் கென்னடி–நிக்சன் இரண்டாவது விவாதம் நடந்தது அங்கேதான்.

எழுதியதைப் படிப்பது அந்த வேலையின் சின்னப் பகுதி. திடீரென்று ஏதாவது நடந்துவிட்டால் எழுதிக் கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. செய்தியாளர் களத்திலிருந்து பாதித் தகவல் தருவார், போலீஸ் வேறொன்று சொல்லும். எதை இப்போது சொல்வது, எதை உறுதியாகும்வரை நிறுத்திவைப்பது என்று ஆங்கர் கேமராவுக்கு முன்னாலேயே முடிவெடுக்க வேண்டும். வான்ஸுக்கு அதில் அபாரமான நிதானம் இருந்தது. தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த குரல். கனமான செய்தி என்றால் வாக்கியத்துக்கு முன்னால் அரை நொடி நிறுத்துவார். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால்கூட அந்த இடைவெளி நம் காதில் விழும். குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்ப்போம்.

எந்த ஊர்க்காரர்? பத்திரிகைத் துறைப் படிப்பு படிச்சவரா?

பிலடெல்பியாவை ஒட்டிய ஆர்ட்மோர் என்ற சிற்றூரில் 1942 ஜனவரி 10-ல் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பாவை இழந்தார், தாத்தா பாட்டி வளர்த்தார்கள். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பழைய கல்லூரிகளில் ஒன்றான செய்னியில் படித்தார். ஆசிரியர் ஆவதற்கான படிப்பு அது. பிலடெல்பியா அரசுப் பள்ளியில் ஆங்கிலமும் கற்பித்தார். உள்ளூர்ச் செய்தித்தாள், வானொலி, சிறிய தொலைக்காட்சி நிலையம் என்று மெல்ல மெல்லச் செய்திப் பக்கம் வந்தவர்.

பின்னாளில் தேசிய அளவில் புகழ்பெற்ற செய்தியாளர் எட் பிராட்லி, செய்னியில் இவருடைய வகுப்புத் தோழர். அந்த நட்பைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

1969-ல ஒரு கறுப்பருக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சுது? அப்பல்லாம் விடமாட்டாங்களே?

விடமாட்டார்கள்தான். 1967-ல் பல நகரங்களில் கலவரம் வெடித்தபின் அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், மறு வருடம் அறிக்கை கொடுத்தது. அதில் பத்திரிகைகளையும் தொலைக்காட்சியையும் பற்றித் தனி அத்தியாயமே இருந்தது. செய்தி ஆசிரியப் பணிகளில் கறுப்பர்கள் 5 சதவீதம்கூட இல்லை, வெள்ளையர் கண்ணால் மட்டுமே நாடு பார்க்கப்படுகிறது என்று அது குற்றம் சாட்டியது. அறிக்கை வந்து சில வாரங்களில், ஏப்ரல் 4-ல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். வாஷிங்டன் எரிந்தது. முதலில் சொன்ன யூ தெரு அந்தத் தீயின் நடுவில் இருந்தது.

அப்போது நிலையங்களுக்கு ஓர் உண்மை உறைத்தது. எரிகிற தெருவுக்குள் போய் மக்களிடம் பேசக்கூடிய செய்தியாளர்கள் அவர்களிடம் இல்லை. 1970 கணக்கெடுப்பின்படி வாஷிங்டன் நகர மக்களில் 70 சதவீதத்துக்கும் மேல் கறுப்பர்கள். திரையிலோ அவர்களுக்கு முகமே இல்லை. நல்லெண்ணம் கொஞ்சம், நெருக்கடி நிறைய, இரண்டும் சேர்ந்து திறந்த கதவு அது. திறந்தது யாராக இருந்தாலும் உள்ளே போய் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் நின்று காட்டியது வான்ஸின் உழைப்பு. கதவு திறந்த காரணத்தைச் சொல்லி அவர் திறமையைக் குறைத்துப் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்படின்னா இவர்தான் முதல் கறுப்பின ஆங்கரா?

இல்லை. அன்பு மிகுதியில் பலர் அப்படிச் சொல்கிறார்கள். வாஷிங்டனில் அவருக்கு முன்னோடி மேக்ஸ் ராபின்சன். ஒன்பதாம் சானலில் 1969-லேயே ஆங்கராக உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன் அவர் நான்காம் சானலில் செய்தியாளர்.

ராபின்சன் கதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1959-ல் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத்தில் ஒரு நிலையத்தில் செய்தி வாசிக்கச் சேர்ந்தார். ஆனால் முகத்தைக் காட்டக் கூடாது. திரையில் நிலையத்தின் சின்னம் மட்டும் தெரியும், குரல் பின்னாலிருந்து வரும். ஒருநாள் அந்த மறைப்பை எடுக்கச் சொல்லிவிட்டு முகம் தெரிய வாசித்தார். குடும்பத்தார் பார்க்கட்டுமே என்ற ஆசை. மறுநாள் வேலை போயிற்று. அதே மனிதர் 1978-ல் ஏ.பி.சி.யின் தேசியச் செய்தியில் ஆங்கர் ஆனார். பெரிய நெட்வொர்க் ஒன்றில் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பர் அவர்தான். 1975 டிசம்பரில் வாஷிங்டனில் 44 பேர் கூடிக் கறுப்பின இதழாளர்களுக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள், அதிலும் அவர் இருந்தார். 1988-ல் 49 வயதிலேயே எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

ஆக, வான்ஸ் முதல்வர் அல்ல, முதல் வரிசைக்காரர். ஆறு மணிக்கு ஒன்பதாம் சானலைத் திருப்பினால் ராபின்சன், நான்கைத் திருப்பினால் வான்ஸ். எழுபதுகளில் இந்த நகரத்துக் கறுப்பினக் குழந்தைகள் அதைச் சாதாரணமாகப் பார்த்து வளர்ந்தார்கள். மற்ற பல நகரங்களில் அது கனவிலும் இல்லை.

ரெண்டு கறுப்பர்களைச் சேர்த்தே உட்கார வெச்சாங்களாமே, நிஜமா?

நிஜம். 1972-ல் தொடங்கியபோது பக்கத்தில் இருந்தவர் கிளென் ரிங்கர் என்ற வெள்ளையர். 1976-ல் சூ சிம்மன்ஸ் வந்தார். பெரிய நகர நிலையம் ஒன்றில் இரு ஆங்கர்களும் கறுப்பர்களாக இருந்த மிக ஆரம்பகால இணை அது. சூ 1980-ல் நியூயார்க் போய் அங்கே முப்பது வருடத்துக்கு மேல் கொடிகட்டிப் பறந்தார்.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு துணிச்சல் என்று இன்று புரியவைப்பது கடினம். ஒரு கறுப்பர், ஒரு வெள்ளையர் என்று சமன்செய்வதுதான் தொலைக்காட்சிக் கணக்கு. புறநகர் வெள்ளையர்கள் சானலை மாற்றிவிடுவார்கள் என்ற பயம்.

அப்படி என்ன பெரிய சம்பவங்களைச் சொன்னார்?

அவர் ஆங்கராக இருந்த காலத்தில் இந்த ஊரில் நடந்த எல்லாமே. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

1977 மார்ச்சில் ஹனஃபி முஸ்லிம் குழு ஒன்று வாஷிங்டனில் மூன்று கட்டடங்களைப் பிடித்து, சுமார் 150 பேரைப் பிணையாக வைத்தது. இரண்டு நாள் நீடித்தது. வானொலியில் பணியாற்றிய மாரிஸ் வில்லியம்ஸ் என்ற 24 வயது கறுப்பினச் செய்தியாளர் சுடப்பட்டு இறந்தார். பிற்கால மேயர் மேரியன் பேரிக்குக் குண்டுக் காயம். துப்பாக்கிக்காரர்களும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்ற நினைவோடு ஒவ்வொரு வார்த்தையையும் பேச வேண்டிய நேரம். முன்னே சொன்னேனே, எதைச் சொல்வது எதை நிறுத்துவது என்று, அதன் முழுப் பொருள் அந்த இரண்டு நாளில் தெரியும்.

இன்னொன்று 1982 ஜனவரி 13. கடும் பனி. ஏர் புளோரிடா விமானம் புறப்பட்ட சில நொடிகளில் 14-ஆம் தெருப் பாலத்தில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த நால்வரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் ஐந்தே பேர். உறைந்த நீரில் தத்தளித்த ஒரு பெண்ணை, கரையில் நின்ற அரசு ஊழியர் லென்னி ஸ்குட்னிக் குதித்து இழுத்து வந்த காட்சி உலகம் முழுக்கப் போனது. அதைப் படம்பிடித்தவர் நான்காம் சானல் கேமராக்காரர் செஸ்டர் பன்சர், போக்குவரத்து நெரிசலில் அருகே மாட்டிக்கொண்டிருந்தார். அதே மாலையில் மெட்ரோ ரயில் தடம்புரண்டு மூவர் இறந்தார்கள். வீடு திரும்பாதவர்களை எண்ணி ஊரே தொலைக்காட்சிமுன் உட்கார்ந்திருந்த இரவு அது. இங்கே நெடுநாள் இருப்பவர்கள் அந்த இரவைப் பேசும்போது, விமானத்தோடு சேர்த்து வான்ஸ் குரலையும் நினைவுகூர்கிறார்கள்.

யூடியூப்ல ஒருத்தர் சிரிச்சுச் சிரிச்சு அழறாரே, அது இவரா?

அவரேதான், விளையாட்டுச் செய்தியாளர் ஜார்ஜ் மைக்கேலோடு. ஃபேஷன் ஷோவில் ஒரு மாடல் உயரமான செருப்போடு தடுமாறி விழும் காட்சி ஓடுகிறது. முதலில் அடக்கப் பார்க்கிறார்கள். ஒருவர் அடக்கினால் மற்றவர் வெடிக்கிறார். கடைசியில் இருவரும் மூச்சு வாங்க முடியாமல், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நேரலையில். பார்க்கிற யாருக்கும் சிரிப்பு தொற்றாமல் இருக்காது.

அந்தக் கூட்டணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வான்ஸ், 1989-ல் வந்து சேர்ந்த டோரீன் கென்ட்ஸ்லர், விளையாட்டுக்கு மைக்கேல், வானிலைக்கு பாப் ரயன். இந்த நால்வரும் வருடக்கணக்கில் மாறவே இல்லை. நான்காம் சானல் முதலிடத்தில் நின்றது இவர்களால்தான். மைக்கேல் 2009 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இறந்தார். அந்தச் சிரிப்பு வீடியோவை இப்போது போட்டுப் பார்த்தால் இருவருமே இல்லை என்ற நினைப்பு வரத்தான் செய்கிறது, ஆனால் இரண்டாவது நொடியிலேயே சிரித்துவிடுகிறேன்.

போதைப் பழக்கம் இருந்துதுன்னு சொல்றாங்களே? உண்மையா, வதந்தியா?

உண்மை. கோகெய்னுக்கு அடிமையாகி, 1984-ல் கலிஃபோர்னியாவின் பெட்டி ஃபோர்டு மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். மன அழுத்த நோயோடும் நெடுங்காலம் போராடினார். எதையும் மூடி மறைக்கவில்லை. தானே வெளிப்படையாகப் பேசினார்.

இதைச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். நம் வீடுகளில் குடியோ மனநோயோ வந்தால் முதலில் ஜன்னலைச் சாத்துவோம். இவரோ ஊரே பார்க்கும் இடத்தில் இருந்துகொண்டு, எனக்கு இந்த நோய் இருக்கிறது, உதவி தேடிப் போனேன் என்றார். எண்பதுகளில் இந்த நகரத்தையே கோகெய்னும் அதன் மலிவு வடிவமான கிராக்கும் சூறையாடிக்கொண்டிருந்தன. போதைச் செய்தியை வாசிப்பவரே அதில் விழுந்து எழுந்தவர் என்பது, மீள நினைத்த பலருக்குத் தைரியம் கொடுத்தது. பிற்காலத்தில் அவர் பலருக்குத் தனிப்பட்ட முறையில் துணை நின்றார்.

அதுக்கப்புறமும் எப்படி வேலையில வெச்சிருந்தாங்க? ஜனங்க நம்பினாங்களா?

நம்பினார்கள் என்பதற்குச் சாட்சி 1989-க்குப் பிந்தைய வருடங்கள். மேலே சொன்ன நால்வர் கூட்டணி முதலிடம் பிடித்தது அவர் சிகிச்சை முடிந்து திரும்பி வந்த பிறகுதான். இந்த வேலையில் நம்பிக்கை போனால் ஒரே நாளில் போய்விடும். அவர் விஷயத்தில் நேர் எதிராக நடந்தது. தன்னைப் பற்றியே பொய் சொல்லாதவர் மற்றதிலா பொய் சொல்லப்போகிறார் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

செய்தி வாசிக்கிறவர் சொந்தக் கருத்து சொல்லலாமா? அது தப்பில்லையா?

செய்தியோடு கலந்தால் தப்பு. அவர் தனியாக, இது என் கருத்து என்று சொல்லிவிட்டுப் பேசுவார். அதில் பெரிதாகப் பேசப்பட்டது வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணியின் பெயர். 'ரெட்ஸ்கின்ஸ்' என்பது செவ்விந்தியர்களை இழிவுசெய்யும் சொல். ஆனால் இந்த ஊர் அந்த அணிமேல் பைத்தியமாக இருந்தது. உரிமையாளர் பெயரை மாற்றவே மாட்டேன் என்று நின்ற 2013-ல், வான்ஸ் அந்தப் பெயர் போக வேண்டும் என்று திரையிலேயே சொன்னார். தன் இனத்தாரைக் குறிக்கும் வசைச் சொற்களோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

அணியின் ரசிகர்கள்தான் அவருடைய பார்வையாளர்கள். அவர்களுக்குப் பிடிக்காததைத் தெரிந்தே சொன்னார். பெயர் 2020-ல் மாறியது. பார்க்க அவர் இல்லை.

காதுல வளையம் போட்டுக்கிட்டா செய்தி வாசிச்சார்?

ஆமாம், பிற்காலத்தில். பார்வையாளர்களுக்குள் அது ஒரு பெரிய விவாதமாகவே ஓடியது. முன்னே சொன்ன நண்பர் எட் பிராட்லியும் காதில் வளையம் அணிந்தவர், 2006-ல் இறந்தார். நண்பரை இப்படித் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும். ஹார்லி டேவிட்சன் பைக் பிரியரும்கூட.

மத்த ஊர்கள்லயும் இப்படி ஆட்கள் இருந்தாங்களா?

நிறைய. எனக்கு மிகவும் பிடித்தவர்கள் மூவர். மூவரும் பெண்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் பெல்வா டேவிஸ். 1964-ல் குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு வானொலிச் செய்தியாளராகப் போனவரையும் உடன் வந்தவரையும் கூட்டத்தினர் குப்பையும் பாட்டிலும் வீசி விரட்டினார்கள். பயந்து ஒதுங்காமல், 1966-ல் கே.பி.ஐ.எக்ஸ். நிலையத்தில் சேர்ந்து மேற்குக் கடற்கரையின் முதல் கறுப்பினப் பெண் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆனார். 2012 வரை திரையில் இருந்தார். நியூயார்க்கில் மெல்பா டாலிவர். 1971-ல் அதிபர் நிக்சன் மகள் திருமணச் செய்திக்குத் தன் சுருள்முடியை அப்படியே விட்டுக்கொண்டு போனார். நிலைய மேலாளர்கள் முடியை மாற்று, இல்லையென்றால் துணியால் மூடு என்றார்கள். மறுத்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் நிலையம்தான் இறங்கி வந்தது. அட்லாண்டாவில் மோனிக்கா பியர்சன், 1975-லிருந்து 37 வருடம். அந்த நகரத்து மாலைச் செய்தியில் முதல் கறுப்பர், முதல் பெண், இரண்டும் அவரே.

நீங்க தமிழர். உங்களுக்கு ஏன் இவர்மேல இவ்வளவு பிரியம்?

மேரிலாந்துப் புறநகரில் குடியேறிய பல தமிழ்க் குடும்பங்களைப் போல, நாங்களும் இந்த ஊரை நான்காம் சானல் வழியாகத்தான் கற்றோம். எந்த நதி எங்கே ஓடுகிறது, அனகோஸ்டியா ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார் வாழ்கிறார்கள், மேரியன் பேரியைச் சிலர் ஏன் திட்டுகிறார்கள், சிலர் ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதெல்லாம் எங்கள் புறநகர்த் தெருவில் தெரிய வழியில்லை. கறுப்பர்கள் வாழும் பகுதி என்றாலே பயப்பட வேண்டும் என்று வந்தவுடன் சொல்லிக் கொடுக்க நம்மவர்களே இருந்தார்கள். வான்ஸ் அதே பகுதிகளைப் பற்றிப் பேசும்போது அங்கே பாட்டிமார்கள் இருந்தார்கள், பள்ளி விழா இருந்தது, வாடகைப் பிரச்சினை இருந்தது. கொலைச் செய்தி சொன்னால் இறந்தவரின் பெயரை அழுத்திச் சொல்வார். எங்கள் வீட்டில் பேச்சு மாறியதில் அவருக்குப் பங்கு உண்டு.

கடைசியில என்ன ஆச்சு?

2017-ல் புற்றுநோய் என்று அவரே பார்வையாளர்களிடம் சொன்னார். ஜூலை 22-ல் இறந்தார், வயது 75. அஞ்சலிக் கூட்டம் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் நடந்தது. அதிபர்களுக்கு இறுதி வழிபாடு நடக்கும் இடம் அது.

இனிமே இப்படி ஒருத்தர் வருவாங்களா?

திறமையானவர்கள் வருவார்கள், இப்போதும் இருக்கிறார்கள். கறுப்பின ஆங்கர் என்பது இன்று இந்த ஊரில் செய்தியே இல்லை. ஆனால் ஒரே நிலையத்தில் ஒருவர் நாற்பத்தைந்து வருடம் இருப்பது இனி நடக்குமா என்பது வேறு கேள்வி. இளம் ஆங்கர்கள் இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் சின்ன ஊரிலிருந்து பெரிய ஊருக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பதினொரு மணிக்குக் குடும்பமாக உட்கார்ந்து செய்தி பார்க்கும் வழக்கமும் போனுக்குப் போய்விட்டது. டோரீன் கென்ட்ஸ்லரும் 33 வருடம் இருந்துவிட்டு 2022-ல் ஓய்வுபெற்றார்.

என்னிடம் யாராவது இதழியல் படிக்கும் பிள்ளையை அழைத்து வந்தால், அந்தச் சிரிப்பு வீடியோவை முதலில் காட்டுவேன், பிறகு அணிப் பெயரைப் பற்றி அவர் பேசியதை. இரண்டும் இணையத்தில் தேடினால் கிடைக்கும்.